எடுத்துக் கொடுத்த வசனங்கள்

ஜனவரி 12

பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. சமாதானம் பேச எழுதவில்லை. சபைக் கமிட்டி எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது, அந்த வேலையில் உன் பெயரும் வருகிறது, அவ்வளவுதான். போனிலேயே கேட்டிருப்பேன். நீதான் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கப் போனோடு மல்லுக்கட்டுகிறேன், வீட்டுக்கு வந்தால் அதைத் தொடவே பிடிக்கவில்லை என்று உன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறாயே.

சபை மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது. மார்ச் கடைசி வாரம் திறக்கிறோம். நீளநீளமான பேச்செல்லாம் வேண்டாம் என்று போதகர் சொல்லிவிட்டார். நம் சபையில் யார் கையில் என்ன வித்தை இருக்கிறதோ அதை ஒரு வாரம் மேசை போட்டுக் காட்டுவது, கடைசி நாள் சாயங்காலம் நம் பழைய நாடகங்களைப் பற்றி எல்லோரும் பேசுவது, இதுதான் ஏற்பாடு. மேசைப் பொறுப்பு என்னுடையது. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு, சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன்.

இந்தச் சின்ன ஊரில் இவ்வளவு ஒளிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, பாப்பா. தபால்கார அம்மா தினமும் தெருவில் பார்த்த பறவைகளை எழுதி வைத்திருக்கிறாள், பதினாறு நோட்டு. பேக்கரிக்காரர் தீக்குச்சியில் பாலம் கட்டியிருக்கிறார். அதன் மேல் என் கைப்பையைத் தூக்கி வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் வீட்டுக்கு, அவர் மனைவியின் பூத்தையலைக் கேட்டுப் போனேன். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஊசில நூல் கோக்கவே தெரியாது. இதெல்லாம் இவரு போட்டது" என்றாள். அந்த மனுஷன் முகமெல்லாம் சிவந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

உன்னிடம் கேட்பது ஒரே ஒரு பக்கம். பதினான்கு வருடம் அந்த மேடையில் நின்றவள் நீ. நினைவில் இருப்பதை எழுதி அனுப்பு, சுவரில் ஒட்டுகிறோம். "ராணி வேஷம் கட்டுன பாப்பா வருதா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உனக்கு ஐம்பது வயதாகிவிட்டது என்று யாருக்கும் உறைக்கவில்லை.

அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதித் தர என்னால் முடியாது.

மற்றவர்களுக்குப் பதினான்கு வருட நாடகமும் ஞாபகம் வரலாம். எனக்கு ஒரு நிமிடம்தான் ஞாபகம் இருக்கிறது. 'கோட்டைக் கதவு' நாடகம், கடைசிக் காட்சி. கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடிவந்த ஜனங்கள் வெளியே நிற்கிறார்கள். கதவைத் திறக்கச் சொல்லி ராணி உத்தரவு போட வேண்டும். மண்டபம் நிறைய ஆட்கள். எனக்கு வசனம் வரவில்லை. மறதி யாருக்குத்தான் வராது? அதற்காகத்தானே படுதாவுக்குப் பின்னால் ஒருவரைப் புத்தகமும் கையுமாக உட்கார வைக்கிறோம், வசனம் எடுத்துக் கொடுக்க? நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். முன்வரிசையில் சிரித்தார்கள். படுதாவை இறக்கிவிட்டார்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள், அண்ணி?

அந்த வருடம் ராணி வேஷத்துக்கு நீங்களும் ஆசைப்பட்டீர்கள். கமிட்டி எனக்குத்தான் கொடுத்தது. இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதைப் பதினோரு வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது.

அண்ணன் மூட்டுவலிக்கு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இன்னொன்று. குழாய் ரிப்பேர்க்காரர் என்றால், கதவு அகலத்துக்குத் தோள் இருக்குமே, அவரா? பூத்தையலா? நிஜமாகவா?

பாப்பா


பிப்ரவரி 2

பாப்பா,

எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என்னிடமே கேட்டிருக்கிறாய். இதுவரை ஊரிடம்தான் சொன்னாய். பதில் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மேடைக்கு இடது பக்கம், படுதாவுக்கும் சுவருக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவேன். அன்றைக்கு உன் அண்ணன் கொண்டுவந்து நிறுத்திய கோட்டைக் கதவு வலது பக்கத்தை அடைத்துக்கொண்டது. அங்கே பேக்கரிக்காரர் வேறு தகரத்தை வைத்து இடி இடித்துக்கொண்டிருந்தார். நீ நின்றாய். நான் எடுத்துக் கொடுத்தேன். நீ திரும்பவில்லை. இரண்டாவது தடவை கொடுத்தேன். மூன்றாவது தடவை படுதாவை விலக்கித் தலையை நீட்டிக் கொடுத்தேன். நான்காவது தடவை கத்தினேன். "இக்கதவு இடிந்து என் தலைமேல் விழுந்தாலும் விழட்டும், ஒருவரும் வெளியே நிற்கக் கூடாது!" என் பக்கத்து முன்வரிசைக்கு அது கேட்டுவிட்டது. அதற்குத்தான் சிரித்தார்கள். உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அந்த நான்காவது தடவைக்குத்தான் சாட்சி இருந்தது. முதல் மூன்றுக்கு யாரும் இல்லை. "கடைசி வரைக்கும் கம்முனு இருந்துட்டு, சிரிப்பு வரவைக்கக் கத்தினா" என்று ஊர் முடிவு செய்துவிட்டது. நான் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேஷத்துக்கு ஆசைப்பட்டவள் ஆயிற்றே.

ஆசைப்பட்டேன்தான். எல்லோர் வசனமும் எனக்கு மனப்பாடம். ராணி வசனத்தை அடுப்படியில் நின்று முழுக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் குரல் பின்வரிசைக்கு எட்டாது என்றார்கள், சரி என்று முக்காலியில் உட்கார்ந்தேன். ஒத்திகையில் நீ கதவைப் பார்த்துக் கை நீட்டினாயே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொன்னேன். அவளுக்கு அது தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னேன்.

நீ மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். நான் இங்கேயேதான் இருந்தேன். கடைக்கு வருகிறவர்கள், "என்னம்மா, கண்ணாடிய நேரத்துக்குக் குடுப்பியா, இல்ல வசனம் மாதிரியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். அதற்கப்புறம் நான் மேடைப் பக்கம் போகவில்லை. உன் அண்ணனும் பட்டறையில் மேடைக்கென்று ஒரு பலகையை அறுக்கவில்லை.

குழாய் ரிப்பேர்க்காரர் அவரேதான். நேற்று மண்டபத்துக்கு வந்து, "வேணாங்க, எடுத்துடுங்க. ஆம்பளைங்க சிரிப்பாங்க" என்றார். அவர் மனைவி பின்னாலேயே வந்து, "சிரிக்கிறவன் வீட்டுக் குழாய் ஒழுகட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்றாள். அவர் துணியை எடுக்கக் கையை நீட்டினார். பிறகு துணியில் ஒரு மடிப்பை நீவிவிட்டுப் போய்விட்டார். துணி மேசைமேல்தான் இருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணி,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

எனக்கு இடது காது கேட்காது.

அந்த நாடகத்துக்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டது. வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் உலகமே அடங்கிவிடும், அப்படித்தான் முதலில் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் வேறு ஊர் டாக்டரிடம் காட்டினேன். நரம்பு, இனி வராது என்றார். நான் டெலிபோன் ஆப்பரேட்டர், அண்ணி. காது இல்லை என்றால் வேலை இல்லை. வருடா வருடம் மேலதிகாரி அறையில் நடக்கும் பரிசோதனையில், ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு காதைப் பொத்தச் சொல்லிவிட்டு என் பின்னால் நின்று எண்களை மெதுவாகச் சொல்வார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் அவர் உதடு தெரியும். அதைப் பார்த்துச் சொல்லியே தப்பித்துவந்தேன். அண்ணன் வேறு, "எங்க பாப்பா 'ஹலோ'ங்குற ஒரு சத்தத்துலயே எந்த வார்டுன்னு சொல்லிடுவா" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருப்பார். அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு நீங்கள் இடது பக்கம் மாறியது எனக்குத் தெரியாது. வலது காது முழுக்கத் தகர இடி. நீங்கள் நாலு தடவை சொன்னது ஒன்றுகூட எனக்கு வந்து சேரவில்லை. படுதா இறங்கியதும் பத்துப் பேர் சுற்றி நின்று "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றார்கள். "அண்ணி எடுத்துக் குடுக்கல" என்று வாயில் வந்துவிட்டது. அந்த நொடியில் நானே அதை நம்பினேன். நீங்கள் இடது பக்கம் இருந்ததாக யாரோ பேசிக்கொண்டே போனதை வேஷத்தைக் கழற்றும்போது கேட்டேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் உங்கள் வாசல் வரை வந்தேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் தள்ளிப்போனபோதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

இப்போது வலது காதும் மந்தமாகிவருகிறது. போன மாதம் பதினோராம் வார்டு கேட்டவருக்குப் பதினேழாம் வார்டு லைனைக் கொடுத்துவிட்டேன். அவருடைய அப்பா பதினோராம் வார்டில் இருந்தார். பெரிதாக எதுவும் ஆகவில்லை, அரைமணி நேரம் போனில் அல்லாடினார். தப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த மனிதர் துணியை மேசைமேல் விட்டுவிட்டுப் போனதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதினேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அண்ணனிடம்கூட.

பாப்பா


பிப்ரவரி 26

பாப்பா,

படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

கண் சரியில்லாதவர்கள் கடைப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுப் பெண்ணின் காது தெரியாமல் போய்விட்டது. கடைத்தெருவுக்குப் போனால் எப்போதும் என் இடது பக்கமாகவே வந்து ஒட்டிக்கொள்வாய். பாசம் என்று நினைத்தேன்.

உன் காதுக்காக ஒரு நாள் அழுதேன். மறுநாள் எனக்காக அழ ஆரம்பித்தேன், அது இன்னும் முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கு எழுதினால் அது பொய். உன்னோடு பொய் போதும்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ சொல். முதலில் ஆஸ்பத்திரியில் சொல். நாடகத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் போனால் படுதாவை இறக்கலாம். அங்கே அப்படி எதை இறக்குவாய்? அது முடிந்ததும் ஊரில் சொல். எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னது எனக்குப் போதாது. பதினோரு வருடம் நான் கடையில் நின்று சிரித்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அண்ணன், "என்ன எழுதியிருக்கா?" என்றார். "பொம்பளைங்க சமாச்சாரம்" என்றேன். "உங்களுக்குள்ள சமாச்சாரமா!" என்று சொல்லிவிட்டு விசில் அடித்துக்கொண்டே பட்டறைக்குப் போனார். அந்த விசிலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை, மேலதிகாரி அம்மாவின் அறையில்.

"எத்தன வருஷமா?" என்றார்.

"பன்னெண்டு, மேடம்."

"பன்னெண்டு வருஷமும் டெஸ்ட்ல பாஸ் ஆகியிருக்கீங்களே!"

"ஜன்னல் கண்ணாடியில உதட்டப் பாத்துச் சொன்னேன்."

அவர் எழுந்துபோய் அந்த ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, "ஏன் இப்ப சொல்றீங்க?" என்றார். பதினேழாம் வார்டைச் சொன்னேன். உங்களையும் சொன்னேன். "இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க போர்டுல உக்காரக் கூடாது. விசாரணை வரும். வேலை இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். திட்டும்போதுகூட அப்படி நிறுத்திச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பசித்தது, அண்ணி. நல்ல பசி. கேன்டீனுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

சபைக்காக ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை. போதகர் படித்தால் நன்றாக இருக்கும். எனக்கு வரத் தைரியம் இல்லை.

பாப்பா


மார்ச் 15

அன்புள்ள பாப்பா,

உன் பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போதகர் படிக்க மாட்டார், நானும் படிக்க மாட்டேன். அந்த மண்டபத்தில் நின்றுதான் பழியை என்மேல் போட்டாய், அங்கேயே நின்று எடு.

மேலதிகாரி முன்னால் உட்கார்ந்து சொன்னாய் என்று படித்த அன்றைக்குக் கடையில் ஒருத்தருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன். முதலாளி முறைத்தார். "எங்க வீட்டுப் பொண்ணு ஒரு காரியம் செஞ்சிருக்கா சார்" என்றேன். என்ன காரியம் என்று சொல்லவில்லை. வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதாக அவருக்குத் தோன்றியிருக்கும். வாழ்த்துச் சொன்னார்.

29ஆம் தேதி சாயங்காலம் நாடகப் பேச்சு. முதல் நாளே வந்துவிடு. மண்டபத்து விளக்கு ஒன்றையும் அணைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோர் முகமும் தெரிந்தால்தானே பேச்சு உனக்குப் புரியும். நாற்காலிகளையும் வளைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள். அழகுக்கு என்றேன்.

அண்ணனிடம் நீயே சொல். பட்டறையில்தான் இருப்பார். ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசு.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணி,

நாடகப் பேச்சுக்கு மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஓடி வர வேண்டியதாகிவிட்டது, விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உங்களிடம் நின்று பேச நேரம் கிடைக்கவில்லை. நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. நான் வாயைத் திறந்ததும் எழுந்து பின்னறைக்கு ஓடிவிட்டீர்கள். டம்ளர் கழுவினீர்களாம். யார் டம்ளர்? அதுவரை யாரும் எதுவும் குடிக்கவே இல்லையே!

இந்நேரம் ஆளுக்கு ஒரு மாதிரி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

"எங்க அண்ணி நாலு தடவ எடுத்துக் குடுத்தாங்க. எனக்குத்தான் கேக்கல. கேக்கலன்னு சொல்றதுக்குப் பயந்து அவங்க மேல பழியப் போட்டேன்" என்று சொல்லி முடித்தேன். அண்ணன் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். முதல் நாள் பட்டறையில் அவரிடம் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தார். பிறகு என் இடது காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

இனி திட்டப்போகிறார்கள் என்று நின்றேன். பேக்கரிக்காரர் எழுந்தார். "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். டாக்டர் வேஷத்துல 'அம்மா, உங்கள் மகன் பிழைத்துவிட்டான்'னு சொல்லணும். மறந்துட்டேன். பின்னாலேர்ந்து அந்தம்மாதான் குடுத்துச்சு. மண்டபமே அழுதுது. என் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் நான் பெரிய நடிகன்னு நெனச்சிட்டிருக்கா." அவர் மனைவி பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லாரி டிரைவர் எழுந்தார். "நான் தேவதூதனா வந்தேன். யாருக்குச் செய்தி கொண்டு வந்தேங்குறதே மறந்துபோச்சு" என்றார். நீங்கள் எடுத்துக் கொடுத்ததை அன்றைக்குச் சொன்ன அதே குரலில் சொல்லிக் காட்டினார், கையை விரித்துக்கொண்டு. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். திருடன், நீதிபதி, நீதிபதியின் மாமியார். ஒவ்வொருவரும் தான் மறந்த வசனத்தை முழுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். தபால்கார அம்மா நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்துவிட்டாள். பத்தொன்பது பேர், அண்ணி. எனக்குப் புரியாததை எல்லாம் குழாய் ரிப்பேர்க்காரர் மனைவி வலது காதில் சொல்லிக்கொண்டே வந்தாள், சிரித்துச் சிரித்து என் காதெல்லாம் எச்சில். போதகரும் எழுந்து, பிரசங்கத்தின் நடுவில் ஒரு வசனம் மறந்து நின்றபோது இரண்டாம் வரிசையில் இருந்து நீங்கள் உதட்டை அசைத்ததைச் சொன்னார்.

கடைசியில் அண்ணன் எழுந்தார். "நான் எந்த வேஷமும் கட்டல" என்றார். "ஆனா எங்க கல்யாணத்துல, போதகர் முன்னால வாக்குக் குடுக்கும்போது எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு. 'சாகும் வரைக்கும்'னு அவதான் மெல்லமா எடுத்துக் குடுத்தா. இல்லன்னா எனக்கு இன்னும் கல்யாணமே ஆயிருக்காது."

அப்போதுதான் நீங்கள் பின்கதவில் வந்து நின்றீர்கள், கையெல்லாம் ஈரம். மண்டபமே எழுந்து கைதட்டியதை நீங்கள் காதால் கேட்டீர்கள். பலகைத் தரை அதிர்ந்தது என் உள்ளங்கால் வழியாகத் தெரிந்தது. ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் அந்த மேடையில்தான் நின்று வணங்கியிருக்கிறேன். எனக்குத் தட்டியபோதுகூடத் தரை அப்படி அதிர்ந்ததில்லை.

ஆஸ்பத்திரி விஷயம். வேலை போகவில்லை. எழுத்து மூலம் கண்டித்திருக்கிறார்கள், என் கோப்பில் அது இருக்கும். இருக்கட்டும், நியாயம்தான். முன்வாசலில் புதிதாக வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுகிற கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை சேர்ந்தேன். முதலில் வந்த பெரியவர் தலையைக் குனிந்துகொண்டே பெயரை முணுமுணுத்தார். முன்பென்றால் குத்துமதிப்பாக ஏதோ எழுதியிருப்பேன். பேனாவைக் கீழே வைத்தேன். "ஐயா, கொஞ்சம் என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும்.

பெரியவர் தலையை நிமிர்த்தி, எனக்கு இரண்டடி தள்ளி இருந்த தூணைப் பார்த்து, "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்க?" என்றார்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றேன். என் குரல் வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் எட்டியிருக்கும்.

உங்கள்
பாப்பா